அம்மா தைத்ததை எரித்துவிடாதீர்கள்



நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வீடு மாறும் காலம் இது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள் என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். சொந்தக் காணியில் சொந்தக் கூரை என்பது இன்னும் எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்குக் கனவுதான். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம், இனியும் எழுதுவோம். இன்று சொல்ல வந்தது வேறு. வீடு கிடைத்தவர்கள் லயத்துக் காம்பறாவைக் காலி பண்ணும்போது நடக்கிற ஒன்றைப் பற்றி.

கட்டில் போகிறது, அலுமாரி போகிறது, டீவி போகிறது, சாமிப் படங்கள் பத்திரமாகப் போகின்றன. பரணில் கிடந்த ஒட்டுப்போட்ட போர்வை, கொழுந்துக் கூடை, தேயிலைப் பெட்டிப் பலகையில் அப்பா செய்த படிப்பு மேசை, தொட்டில் சேலை சுருங்காமல் குறுக்கே வைக்கும் செதுக்கிய கம்பு, இவையெல்லாம் லயத்துக்குப் பின்னால் குவிக்கப்படுகின்றன. அன்று சாயங்காலமே நெருப்பு வைத்தாகிவிடும். புது வீட்டுக்குப் பழைய கந்தல் எதற்கு என்று பிள்ளைகள் சொல்வார்கள். அம்மாவும் மறுத்துப் பேச மாட்டார். தான் செய்ததற்கு ஒரு மதிப்பு உண்டென்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால்தானே மறுத்துப் பேச!

அந்த மதிப்பைத்தான் இந்த இதழில் எழுதிவைக்க விரும்புகிறேன்.

மலைக் குளிர் தெரிந்தவர்களுக்கு அந்தப் போர்வையின் அருமை தெரியும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாசியில் விடியற்காலைப் பனி உறைந்து கொழுந்து கருகும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பறா, மேலே தகரம், கீழே சிமெந்து. அதற்குள் ஒரு குடும்பம் படுத்து எழும்ப வேண்டும். கடைக் கம்பளி வாங்கக் காசு கிடையாது. ஆகவே அம்மாமார் தைத்தார்கள்.

எப்படித் தைத்தார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கிழிந்த சேலைகளை முதலில் விரித்துத் தரம் பிரிப்பார் அம்மா. முந்தானை நைந்திருக்கும், கொசுவத்துக்குள் மறைந்திருந்த பாகம் நிறம் மங்காமல் இருக்கும். நல்ல பாகம் மேலுக்கும் கீழுக்கும், நைந்தது நடுவில். துணிச் சாக்கில் மாவு வந்த காலத்தில் அந்தச் சாக்கைச் சோடா போட்டு அவித்து, அச்செழுத்துப் போகும் வரை பீலிக்கரைக் கல்லில் அடித்துத் துவைத்து அடித்துணியாக்குவார். நூலும் சாக்கிலிருந்தே வரும். சாக்கின் வாயைத் தைத்த நூலுக்கு இரண்டு முனை உண்டு. சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழு நூலும் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். மற்ற முனையைப் பிடித்தால் கண்ணிக்குக் கண்ணி இறுகிக்கொள்ளும். அம்மா பார்க்காமலே சரியான முனையைத் தொடுவார். அந்த நூலைப் பழைய மட்டைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத் தையல் போடுவார். சேலை, சாக்கு, சேலை என்று மூன்றும் ஒன்றாகி, துவைக்கத் துவைக்க மெதுமெதுவென்று ஆகும்.

இதையெல்லாம் எந்த நேரத்தில் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். விடியுமுன் எழும்பி அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பறாவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடி, மட்டக்கம்பைப் போட்டு நிரை பிடித்து, கொழுந்து நிறுத்து, நோர்ம் எடுக்காவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் என்ற பயத்தோடு பொழுதை முடித்து, வரும் வழியில் ஒரு கட்டு மிலாறையும் தலையில் சுமந்து வந்த பிறகு. இரவுச் சாப்பாடு முடிந்து எல்லாரும் படுத்ததற்கும் அவர் கண் அயர்வதற்கும் இடையே கிடைத்த நேரம் அது. கரண்ட் வராத காலத்தில் குப்பி லாம்பு வெளிச்சத்தில். கொழுந்துக் காம்பின் கறை ஏறிக் கறுத்து வெடித்த விரலால்.

தேவைக்காகச் செய்தார்கள், அதில் என்ன கலை என்று கேட்பவர்கள் உண்டு. தேவை என்பது போர்வை இருந்ததற்குக் காரணம். சிவப்புத் துண்டுக்கு அருகில் ஏன் கருநீலம் வந்தது? நான்கு மூலையிலும் ஏன் ஒரு மஞ்சள் சதுரம்? கடைசிப் பிள்ளையின் போர்வையில் மட்டும் ஏன் சிறு பூ ஒன்று? குளிருக்கு அந்தப் பூ தேவையில்லை. அது அந்த மனுஷியின் விருப்பம். நாள் முழுக்க எந்த மலை, எந்த நிரை, எத்தனை கிலோ என்று இன்னொருவர் சொல்லி நடந்த ஒருவர், தன் இஷ்டப்படி தீர்மானித்த இடம் அந்தத் துணி. வறுமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபா என்று நிர்ணயமானதே 2021இல்தான். அம்மாவுக்கு நல்ல கம்பளி வாங்கும் வசதி இருந்திருக்க வேண்டும், அது அவருக்கு உரியது. அந்த வசதி இருந்திருந்தாலும் மூலையில் அந்தப் பூவைத் தைத்திருப்பார் என்பது என் நம்பிக்கை.

பின்னல் ஊசி பிடித்த அம்மாமாரும் இருந்தார்கள். சந்தையில் வாங்கிய பழைய ஸ்வெட்டரைப் பிரித்தால் நூல் சுருள் சுருளாக நிற்கும். அதை நனைத்து, நாற்காலிக் கால் இரண்டுக்கு இடையே இழுத்துச் சுற்றிக் காயவிட்டால் நேராகிவிடும். பெரியவனுக்குச் சின்னதாகிப் போனது இப்படித்தான் தங்கச்சிக்குப் புதிதாகும். தையல் மெஷின் வைத்திருந்த வீடு லயத்திலேயே தனி அந்தஸ்துள்ள வீடு. சிங்கர் கம்பனி இலங்கையில் கடை திறந்தது 1877இல். தவணைக்குக் கொடுக்கும் முறையால் அந்தக் கறுப்பு மெஷின் தோட்டத்து இஸ்தோப்பு வரை வந்து சேர்ந்தது. 1993 முதல் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, துணி கையில் இருக்கும், தைக்கத்தான் ஆள் வேண்டும். "அக்கா, நம்ம புள்ளைக்கும் ஒண்ணு தச்சித் தாங்க" என்று பக்கத்துக் காம்பறாவிலிருந்து வந்து நிற்பார்கள். கூலி பல சமயம் ஒரு கூறு கீரையாக, நாலு முட்டையாக வரும். வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துண்டில் லேஞ்சியும் பென்சில் பையும் பிறக்கும்.

அப்பாமாரை விட்டுவிட்டால் அநியாயம். முன்பெல்லாம் தேயிலை ஏற்றுமதிக்குப் பலகைப் பெட்டிகள் வரும். உள்ளே ஈரம் ஏறாமலிருக்க ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள். உடைந்த பெட்டி ஒன்று ஸ்டோரிலிருந்து கிடைத்தால் அப்பாவுக்குப் பொக்கிஷம். பலகை மேசையாகும், சாமித் தட்டாகும், கோழிக்கூடாகும். ஈயத்தாளை விரல் நகத்தால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்து, புத்தகத்துக்குள் வைத்துவிடுவார். அதற்கு வேலை மாசியில் வரும்.

காமன் கூத்து! மாசி மாதம் வளர்பிறையில் கம்பம் ஊன்றி, ரதியும் மன்மதனும் ஆடி, கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும்வரை தோட்டம் தூங்காது. அந்தக் கூத்துக்குக் கிரீடமும் புஜமும் கடையிலா வாங்கினார்கள்? கனத்த மட்டையை வெட்டி, கோதுமை மாவுப் பசை காய்ச்சி, அட்டைக்கு அட்டை ஒட்டி வெயிலில் வைப்பார்கள். நம் மாசி வெயிலில் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். காய்ந்த மட்டையின் மேல் ஈயத்தாள். அதன் மேல் உடைந்த முகக்கண்ணாடியின் சில்லுகள், ஒவ்வொன்றையும் கல்லில் உரசி முனை மழுக்கி. ஓரத்துக்கு அம்மாவின் பழைய ரிப்பன். மகன் ரதி வேஷம் கட்டப்போகிறான் என்றால் அந்த வீட்டில் ஒரு மாதம் வேறு பேச்சே இருக்காது. தப்புச் சத்தம் எழும்பி, பந்த வெளிச்சத்தில் பிள்ளை தலையைத் திருப்பும்போது அந்தக் கண்ணாடிச் சில்லுகள் ஒரே நேரத்தில் மின்னுவதை, கூட்டத்தின் ஓரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று அப்பா பார்ப்பார். தன் வேலை என்று ஒருவரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார்.

இன்னும் எவ்வளவோ. பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலை மரத்தின் முறுக்கிய தூரைச் சீவி எண்ணெய் பூசி மேசைக் காலாக்கியவர்கள், பால்மா டின்னில் லொறி செய்து மூடிகளைச் சக்கரமாக்கியவர்கள், உரச்சாக்கை வெட்டி இடுப்புப் படங்கு தைத்து அதன் ஓரத்துக்கும் கலர் துணியில் கரை வைத்தவர்கள். ஈரச் செடியும் அட்டையும் படுகிற படங்குக்குக் கூடக் கரை வைத்த கைகளை நினைத்துப் பாருங்கள்.

நம் மக்களின் பாடல்களுக்கு ஒரு நல்ல காலம் வாய்த்தது. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) என்ற பெருமனிதர் தோட்டத்திலேயே பிறந்தார், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போனார். அவர் தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் கேட்டுக் கேட்டு எழுதித் தொகுத்து வைத்தார். அவர் அந்த வேலையைச் செய்திராவிட்டால் பாதிப் பாட்டு பாடியவர்களோடு போயிருக்கும். கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி, பாவனைப் பொருட்களையும் பத்திரங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது சமூக அபிவிருத்தி நிறுவகம். பிள்ளைகளை ஒரு தடவையாவது அங்கே கூட்டிப் போங்கள். வீட்டுக்குள் குடும்பத்துக்காகச் செய்த கைவேலைகளுக்கு மட்டும் இன்னும் ஒரு வேலுப்பிள்ளை கிடைக்கவில்லை. 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். குடியுரிமை பறிபோன 1948, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்த 1964, சம்பளம், வீடு, காணி என்று எல்லாவற்றையும் பேசினோம். பேச வேண்டியவைதான். அந்த வரலாற்றுக்குள்ளே இரவில் ஊசி பிடித்தவர்களின் பக்கம் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.

உலகத்தின் மறுகோடியில் நம்மைப் போலவே ஒரு தோட்டத்துச் சனம் இருக்கிறது. அமெரிக்காவில், அலபாமா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். நமக்குத் தேயிலை, அவர்களுக்குப் பருத்தி. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள். விடுதலைக்குப் பிறகும் அதே மண்ணில் குத்தகைக் குடிகளாக இருந்தார்கள். ஊரில் பலருக்குப் பெட்வே என்றே குடும்பப் பெயர். அது தோட்டத்து எஜமானின் பெயர். குளிருக்குச் சுவரில் செய்தித்தாள் ஒட்டினார்கள், நம் காம்பறாக்களில் ஒட்டியதைப் போலவே. பெண்கள் பழைய துணியில் போர்வை தைத்தார்கள்.

மிசூரி பெட்வே என்ற தாயின் கணவர் இறந்துபோனார். 1942இல் மிசூரி அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார், கணவரின் நினைவாக, அதைப் போர்த்திக்கொண்டு படுப்பதற்கு. கூடமாட உதவிய மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் அந்தக் கதையைச் சொன்னார். முழங்காலில் தேய்ந்த களிசான் துணி, பை இருந்த இடத்தில் மங்காமல் நின்ற நீலம், எல்லாம் அதில் அப்படியே தெரியும். அந்தப் போர்வை இப்போது வொஷிங்டனில் அமெரிக்காவின் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

அந்த ஊர்ப் போர்வைகள் அங்கே போய்ச் சேர்ந்த வழி சுலபமானதல்ல. 1966இல் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைத்துப் போர்வை விற்றார்கள். பல வருடம் கழித்து, வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர், விறகுக் குவியலின் மேல் விரித்திருந்த ஒரு போர்வையின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு அதைத் தேடி அந்த ஊருக்குப் போனார். அதைத் தைத்த ஆனி மே யங் என்ற அம்மாளுக்கு ஒரே ஆச்சரியம். கொசு விரட்டப் பழைய போர்வைகளை அதற்கு முந்தின வாரம்தான் எரித்திருந்தார்! தேடிய போர்வை நல்லவேளையாகத் தப்பியிருந்தது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள். அங்கிருந்து நியூயோர்க். 2006இல் அந்த வடிவங்கள் அமெரிக்கத் தபால் முத்திரையிலும் வந்தன. உரிய பங்கு தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று தைத்தவர்களில் சிலர் 2007இல் வழக்குப் போட்டு, பிறகு அது தீர்ந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செய்தவரின் பெயரும் செய்ததன் விலையும் செய்தவருக்கே சேர வேண்டும். நாளை நம் போர்வைகளைத் தேடி யாராவது வரும்போதும் இதை மறந்துவிடக் கூடாது.

நமக்கு நெருப்பு மட்டும் பகையல்ல. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோதும் உடுத்த துணியோடு ஓடி வந்தவர்கள் நம்மவர்கள். உயிர் போன துயரத்துக்கு முன் பொருளைப் பற்றிப் பேசுவது சிறிதாகத் தெரியலாம். ஆனால் ஒரு தாயின் முகத்துக்குப் படமே இல்லாத வீட்டில் அவர் தைத்தது ஒன்று இருந்து, அதுவும் மண்ணோடு போனால், பேரப்பிள்ளைக்கு அவரைத் தொட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி நீலகிரியில் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போன நம் உறவுகளும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். நீங்கள் தலைமன்னாரில் தூக்கிப் போன றங்குப் பெட்டிக்குள் பூப்போட்ட தலையணை உறையோ, கைக்குட்டையோ, பின்னிய தொப்பியோ ஏதாவது இருந்திருக்கும். திறந்து பாருங்கள்.

இனி காரியத்துக்கு வருகிறேன். வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். மலை ஈரத்துக்கு ஒரே மாரியில் பூஞ்சணம் பிடித்துவிடும். சுத்தமான பருத்தித் துணியில், பழைய வேட்டியே போதும், சுற்றி வையுங்கள். மழை விட்ட நாளில் நிழலில் காற்றாட விரியுங்கள், நேர் வெயிலில் போட்டால் நிறம் போய்விடும். ஒரே மடிப்பில் வருடக்கணக்காக வைத்தால் மடிப்பிலேயே கிழியும், ஆகவே இடைக்கிடை மடிப்பை மாற்றுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், வெள்ளைத் துணித் துண்டொன்றில் செய்தவர் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், தெரிந்தால் வருடம், யாருக்காகச் செய்தது என்பதை எழுதி ஓரத்தில் தைத்துவிடுங்கள். பெயரில்லாத போர்வை இரண்டு தலைமுறையில் யாருடையதோ ஆகிவிடும்.

செய்தவர் இன்னும் நம்மோடு இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். போன் எல்லார் கையிலும் இருக்கிறது. தைப்பதைப் படம் பிடியுங்கள், பேசுவதைப் பதிந்துகொள்ளுங்கள். ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஒரே கொலரை, ஒரே கைமடிப்பைத் தைத்துவிட்டு வீடு திரும்பும் நம் தங்கைமாரிடம் ஒரு வார்த்தை: உங்கள் பாட்டி ஒரு துணியை முதலிலிருந்து கடைசிவரை தானே யோசித்துத் தானே முடித்தவர். அந்தக் கை உங்களுக்கும் வந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் ஊசியைக் கொடுத்து, எப்படி என்று கேளுங்கள்.

அடுத்த இதழ் முதல் ஒரு பக்கத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா வீட்டுக்காகச் செய்த ஒரு பொருளின் படத்தையும், அதைச் செய்தவரின் பெயரையும், அவர் அனுமதியோடு, அதைச் செய்த கதையையும் எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பொருளை அனுப்ப வேண்டாம், அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இந்த வாரமே லயத்தைவிட்டு வீடு மாறுகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், பரணை ஒரு தடவை பார்த்துவிட்டு நெருப்பு வைக்கும்படி தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்